சிங்கிள் டர்போ சுப்ரா, ஆட்டோ கியர்: எத்தனை ஸ்டால் கன்வெர்ட்டர் போடலாம்?

செந்தூல்_80:

எல்லாருக்கும் வணக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், "மேனுவலுக்கு மாற்றிவிடு" என்று யாரும் எழுத வேண்டாம். 2019இல் மோட்டாரில் விழுந்தபோது இடது முட்டி போய்விட்டது. கிளட்ச் வண்டியை ஜாலான் கூச்சிங் ஜாமில் ஓட்டினால் பத்தாவது நிமிடம் கண்ணில் தண்ணீர் வரும். என்னிடம் இருக்கும்வரை இந்தக் கார் ஆட்டோதான்.

கார் 1995 சுப்ரா, ஜப்பானிலிருந்து ரீகோனாக (ஏற்கெனவே ஓடிய இறக்குமதிக் கார்) வந்தது, 2ஜேஸட்-ஜிடிஇ எஞ்சின், நாலு கியர் ஏ340இ ஆட்டோ கியர்பாக்ஸ். போன வருடம் ஒரிஜினல் இரட்டை டர்போவைக் கழற்றிவிட்டு பெரிய சிங்கிள் ஒன்று போட்டேன், கூடவே பெரிய த்ராட்டில் பாடி. ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஒரிஜினல், அதன் மேல் பிக்கிபேக் (அதன் கணக்கைத் திருத்தும் துணைப் பெட்டி). முழு பூஸ்ட் 1 பார், அது நிமிடத்துக்கு 3800 சுற்றில்தான் வருகிறது. அதற்கு மேலே ஒரு குறையும் இல்லை. காராக் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் பக்கத்தில் இருக்கும் மச்சான் பேச்சை நிறுத்திவிடுவான்.

அதற்குக் கீழேதான் வேதனை. சிவப்பு விளக்கிலிருந்து கிளம்பினால் மைவி மாதிரி சின்னக் காரிடம் தோற்கிறேன், பொய் இல்லை. 6500இல் ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் விழும்போது முள் 3500, 3600க்கு இறங்கிவிடுகிறது, பூஸ்ட் போய்விடுகிறது, மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. அந்தக் கியர் மாற்றமே ஒரு மாதிரி வழவழவென்று நீளமாக இருக்கிறது, முன்பு இப்படி இல்லை. அப்புறம் இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா இல்லையா தெரியவில்லை: வண்டி நன்றாகச் சூடான பிறகு, 80 கிமீ வேகத்தில் லேசாக மிதித்துக்கொண்டு போனால், டோலுக்கு முன்னால் சாலையில் போட்டிருக்கும் வரிகள் மேல் ஏறினதுபோல ஒரு நடுக்கம் வருகிறது.

எஞ்சினுக்கும் ஆட்டோ கியருக்கும் நடுவில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவதுதான் கன்வெர்ட்டர்; கார் நிற்கும்போது முழுக்க மிதித்தால் எஞ்சின் ஏறி நிற்கும் சுற்றுதான் ஸ்டால். ஒரு கடையில் 3800 ஸ்டால் கன்வெர்ட்டர் கட்டித் தருகிறேன், மூன்று நாள், 3200 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். பூஸ்ட் 3800இல் வருகிறது, ஸ்டாலும் 3800, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? போடலாமா? தினம் வேலைக்கு ஓட்டும் கார் இல்லை, ஆனால் வாரம் இரண்டு மூன்று தடவை ஊருக்குள் எடுப்பேன். மனைவியும் ஓட்டுவாள்.

ஏடிஎஃப் (ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய்) மாற்றி மூன்று வருடம் ஆகிறது. தனி கூலர் இல்லை, ரேடியேட்டரோடு வந்ததுதான்.


பூஸ்ட்_பையன்:

போடு மச்சான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. 3800 ஓகே, 4000 இன்னும் ஓகே. பிரேக்கை மிதி, ஆக்ஸிலேட்டரை மிதி, பூஸ்ட் ஏறினதும் விடு, முடிந்தது கதை. அமெரிக்காவில் சுப்ரா வைத்திருப்பவன் எல்லாம் அப்படித்தான் ஓட்டுகிறான். வீடியோ போட மறக்காதே.


கிள்ளான்_ஸ்கைலைன்:

பையா, நீ அப்படி ஒரு கார் ஓட்டியிருக்கிறாயா, இல்லை வீடியோ மட்டும்தான் பார்த்திருக்கிறாயா?

தம்பி செந்தூல், நான் ஓட்டியிருக்கிறேன். என்னுடையது ஆர்33, ஆர்பி25 டர்போ, அதுவும் ஆட்டோ. எனக்கும் இதே ஆசை வந்து 3800 போட்டேன், எட்டே மாதத்தில் கழற்றினேன். செப்பாங்கில் ட்ராக் டே அன்று இரண்டு மணி நேரம் சந்தோஷம், மற்ற நாளெல்லாம் ஃபெடரல் ஹைவேயில் அழுகை. மிதித்தால் எஞ்சின் கத்தும், கார் அப்புறம் யோசித்துக் கிளம்பும். ரப்பர் பேண்டில் கல்லைக் கட்டி இழுப்பது மாதிரி ஒரு உணர்ச்சி. கார் பார்க்கில் சரிவு ஏறும்போது இன்னும் மோசம், கொஞ்சம் மிதித்தால் அசையாது, இன்னும் கொஞ்சம் மிதித்தால் பாயும். முன்னால் தூண். என் கணவர் ஒரு நாள் ஓட்டிவிட்டு சாவியை மேசையில் வைத்து "இதை இனி நீயே ஓட்டிக்கொள்" என்றார். உன் மனைவியும் ஓட்டுவாள் என்று எழுதியிருக்கிறாய், அதனால்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும். 3800 ஸ்டால் என்றால் 3800 சுற்று வரும்வரை கார் நகராது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. லேசாக மிதித்தால் 1500, 1800இலேயே நகரும். முழுக்க மிதித்தால்தான் அந்த எண் வரும். என்னுடைய பிரச்சினை நகராததில்லை. கால் சொல்வதும் கார் செய்வதும் வேறு வேறாக இருந்ததுதான்.

இப்போது போட்டிருப்பது 2700. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உன் நடுக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மெர்தாஜாம் அண்ணன் வந்தால் சொல்வார், அவர் தொழிலே அதுதான்.


மெர்தாஜாம்_கியர்:

கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக ஆட்டோ கியர்பாக்ஸ் பிரித்துக்கொண்டிருக்கிறேன், அதில் ஏ340 குடும்பம் மட்டும் எத்தனை என்று எண்ணவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீ மூன்று நோயைச் சொல்லி ஒரு மாத்திரை கேட்கிறாய். கிளம்பாதது ஒன்று. வழவழவென்று கியர் விழுவது இரண்டாவது. 80இல் நடுக்கம் மூன்றாவது. இதில் முதலாவதுக்கு மட்டும்தான் ஸ்டால் மாற்றுவது மருந்து. மற்ற இரண்டும் இருக்கும்போது 3800 போட்டால் மூன்று மாதத்தில் என் மாதிரி ஆளிடம் கியர்பாக்ஸே வரும். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் சொல்லவேண்டியது கடமை.

முதலில் அந்த வழவழப்பு. நீ த்ராட்டில் பாடி மாற்றியதாக எழுதியிருக்கிறாய், அதைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இந்த கியர்பாக்ஸுக்கு த்ராட்டிலிலிருந்து ஒரு கேபிள் கீழே போகும், பலர் கிக்டவுன் கேபிள் என்பார்கள். எப்போது கியர் மாறவேண்டும் என்பதை ஈசியூ பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்தத்தில் கிளட்ச் பிடிக்கவேண்டும் என்பதை அந்தக் கேபிள்தான் சொல்கிறது. நீ முழுக்க மிதித்திருக்கிறாய், ஆனால் கேபிள் தளர்ந்திருந்தால் கியர்பாக்ஸ் "இவன் பாதிதான் மிதிக்கிறான்" என்று நினைத்துக் குறைந்த அழுத்தம் கொடுக்கும், கிளட்ச் தட்டு வழுக்கும், வழுக்கினால் தேயும், எரியும். சிங்கிள் டர்போ போட்ட கார்களில் நான் பார்த்த செத்த கியர்பாக்ஸில் பாதிக்கு இந்தக் கேபிள்தான் எமன். டர்போ போட்டவன் எஞ்சின்காரன், அவன் கண்ணுக்கு அது படாது.

பானெட்டைத் திற, எஞ்சின் ஆஃப், பெடலை விட்ட நிலை. கேபிள் தொங்கக்கூடாது. உள்கம்பியில் ஒரு சின்ன உலோகத் துண்டு நெரித்துப் பிடித்திருக்கும், அதற்கும் வெளி உறையின் முனைக்கும் இடைவெளி 0இலிருந்து 1 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். பெரிய த்ராட்டில் பாடியில் கேபிள் சுற்றும் சக்கரம் அளவு மாறியிருந்தால் முழுக்கத் திறந்தபோது வரும் இழுப்பும் மாறிவிடும், அதையும் பார். பார்க்கத் தெரிந்த கடையில் லைன் பிரஷர் கேஜ் மாட்டி அளந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து நடுக்கம். இது பெரும்பாலும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச். நெடுஞ்சாலையில் வழுக்கல் வேண்டாம் என்று எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அது நேராகப் பிடித்துவிடும். அதன் லைனிங் தேய்ந்தாலோ, ஏடிஎஃப் செத்தாலோ பிடித்தும் பிடிக்காமலும் அடித்துக்கொள்ளும், அதுதான் உனக்கு வரிச் சாலை மாதிரி தெரிகிறது. சோதிக்கக் காசு வேண்டாம். நடுக்கம் வரும்போது ஆக்ஸிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கை இடது காலால் தொடு, அமுக்காதே, முட்டி தாங்கும். பிரேக்கைத் தொட்டதும் லாக்கப் விடுபடும். முள் இரண்டு மூன்று நூறு சுற்று ஏறி நடுக்கம் அந்த நொடியே நின்றால் லாக்கப்தான். நிற்காவிட்டால் வேறு இடம் தேடவேண்டும், ப்ராப்பெல்லர் ஷாஃப்ட், மிஸ்ஃபயர் எல்லாம்.

டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பார். நல்ல ஏடிஎஃப் சிராப் மாதிரி சிவப்பாக இருக்கும். கோப்பி ஓ (பால் இல்லாத காபி) மாதிரி கறுப்பாக இருந்து கருகின வாடை வந்தால் நீ ஏற்கெனவே தாமதம்.

சரி, இப்போது நீ கேட்ட கேள்வி. "பூஸ்ட் 3800, ஸ்டாலும் 3800" என்கிற கணக்கு எல்லாரும் போடுவது, அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஸ்டால் என்பது கன்வெர்ட்டர் மேல் அச்சடித்த எண் இல்லை. எவ்வளவு டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) கொண்டு தள்ளுகிறாயோ அதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். டார்க்கின் வர்க்கமூலத்தோடு போகும் என்பது பொதுக்கணக்கு. ஒரு எஞ்சினில் 2800இல் நிற்கும் கன்வெர்ட்டர், 40 சதவீதம் அதிக டார்க் உள்ள எஞ்சினில் 3300இல் நிற்கும். ஆகவே 3800 என்று எண்ணை மட்டும் சொல்லும் ஆளிடம் "எந்த எஞ்சினுக்கு, எத்தனை டார்க்கில்?" என்று கேள். பதில் வராவிட்டால் கும்பிட்டுவிட்டு வெளியே வா.

உன் காரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பான் மாடல் 1995 எஞ்சின் 280 குதிரை, 431 நியூட்டன் மீட்டர். அந்த இரட்டை டர்போ ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும், முதலாவது கீழேயே ஊதிவிடும், இரண்டாவது 4000 பக்கம் சேர்ந்துகொள்ளும். அந்தக் கீழ்ச் சுற்று டார்க்கை நம்பித்தான் டொயோட்டா அந்தக் கன்வெர்ட்டரைக் கட்டியது. நீ அந்தக் கீழ் டார்க்கைப் பிடுங்கிவிட்டாய். பெரிய டர்போ தூங்கும்போது உன் எஞ்சின் 2000 சுற்றில் ஒரிஜினலைவிடப் பலவீனம். பலவீனமான எஞ்சின், இறுக்கமான கன்வெர்ட்டர், ஆகவே ஸ்டால் ஒரிஜினலைவிடக் கீழே இறங்கிவிட்டது, டர்போ எழுந்திருக்கும் இடத்துக்கு எஞ்சின் போகவே வழியில்லை. மைவியிடம் தோற்பது இதனால்தான். கொஞ்சம் தளர்த்தினாலே, அதாவது ஸ்டாலைக் கொஞ்சம் ஏற்றினாலே போதும். 2800, 3000இல் நின்றால் அங்கே பூஸ்ட் கொஞ்சம் பிறக்கும், பூஸ்ட் பிறந்தால் டார்க் ஏறும், டார்க் ஏறினால் ஸ்டாலும் ஏறும், அது மறுபடி பூஸ்டை ஏற்றும். டர்போ காருக்கு கன்வெர்ட்டர் இப்படித் தானே கைகொடுக்கும். 3800க்கு நேராகக் கட்டவேண்டியதில்லை.

கியர் விழும் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஏ340இயில் முதல் கியர் 2.804, இரண்டாவது 1.531. 6500இல் மாற்றினால் வழுக்கல் இல்லாமல் 3550க்கு வரும். நீ சொன்ன எண்தான். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் 4250, அங்கே உனக்குப் பிரச்சினையே இல்லை, நீயும் சொல்லவில்லை. ஆக ஒரே ஒரு கியர் மாற்றத்தில் 3800க்கு 250 சுற்று குறைகிறது, அதற்காக 3800 ஸ்டால் போடுவது கொசுவுக்கு வலை வாங்காமல் வீட்டை இடிப்பது மாதிரி. கொஞ்சம் தளர்ந்த கன்வெர்ட்டர் அந்த இடத்தில் 7, 8 சதவீதம் வழுக்கும், 3550 என்பது 3800 ஆகிவிடும். இல்லை, லீவரைக் கையால் பிடித்து 6800 வரைக்கும் இழுத்தால் 3700. அது இலவசம். 6800 இந்த எஞ்சினின் சிவப்புக் கோடு, அதைத் தாண்டாதே.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். பிரேக்கை மிதித்து பூஸ்ட் ஏற்று என்று அந்தப் பையன் எழுதினான். கார் நிற்கும்போது எஞ்சின் கொடுக்கும் சக்தி எங்கே போகும்? சக்கரம் சுற்றவில்லை, ஆகவே மொத்தமும் ஏடிஎஃப்புக்குச் சூடாகத்தான் போகும். 100 கிலோவாட் ஐந்து விநாடி போனால், கன்வெர்ட்டருக்குள் ஒரு 4 கிலோ எண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இரும்பைக் கணக்கில் சேர்க்காமல் போட்டால், 60 டிகிரி ஏறும். ஐந்தே விநாடி. ஏற்கெனவே 90இல் இருந்தால் 150. ஏடிஎஃப் 80, 90 டிகிரியில் சுகமாக இருக்கும், 120க்கு மேலே அதன் ஆயுள் மடமடவென்று குறையும். ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கூலரை நம்பி, நம் ஊர் வெயிலில், தளர்ந்த கன்வெர்ட்டர் போடாதே. ரேடியேட்டர் கூலரைத் தாண்டி வரும் குழாயில் தனிக் கூலர் ஒன்று சேர், கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன்னாலேயே அதைப் போடு. டெம்பரேச்சர் சென்சாரை எண்ணெய்த் தட்டில் வைக்காமல் கியர்பாக்ஸிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் வை, கன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்பது அங்கேதான் உடனே தெரியும்.

கட்டும் கடையில் என்ன கேட்கவேண்டும் என்றால்: பழையதை லேத்தில் வெட்டித் திறந்து மறுபடி வெல்ட் செய்வார்கள், அதில் தப்பில்லை. உள்ளே இறக்கைகளைச் சூளையில் வைத்து ப்ரேசிங் செய்திருக்கிறார்களா, ஸ்டேட்டர் (உள்ளே எண்ணெயைத் திருப்பிவிடும் நடுச் சக்கரம்) இருபுறமும் நீடில் பேரிங்கா அல்லது வாஷரா, லாக்கப் லைனிங் புதிதா, முன்தட்டு ஊதிக்கொள்ளாமல் இருக்கப் பலப்படுத்தியிருக்கிறார்களா, பேலன்ஸ் பார்த்தார்களா. லாக்கப்பை எடுத்துவிட்டுக் கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். ரேஸ் கார் இல்லை இது. 110இல் ஹைவேயில் போகும்போது வழுக்கிக்கொண்டே போனால் ஈப்போ போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் வெந்துவிடும்.

மாட்டும்போது ஒன்று. என் கையாலேயே செய்த தப்பு, 1999இல், வேலை கற்றுக்கொண்ட காலம். கன்வெர்ட்டரை கியர்பாக்ஸ் மூக்கில் நுழைக்கும்போது சுற்றிக்கொண்டே தள்ளவேண்டும், ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று ஒவ்வொன்றிலும் டக், டக் என்று உள்ளே இறங்கும். நான் இரண்டு டக் கேட்டேன், மூன்றாவதைக் கேட்கவில்லை. பெல் ஹவுசிங் எஞ்சினோடு ஒட்டவில்லை, ஒரு விரல் இடைவெளி. ஸ்பேனர் போட்டு முறுக்கி ஒட்டவைத்தேன். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் உடைந்து நொறுங்கியது. முதலாளி திட்டவில்லை, அந்த உடைந்த பம்ப் பல்லை என் கையில் கொடுத்து "வீட்டில் வைத்துக்கொள்" என்றார். இன்னும் வைத்திருக்கிறேன். போல்ட்டை இறுக்கித்தான் ஒட்டுகிறது என்றால் கழற்றச் சொல். கன்வெர்ட்டரில் முன்கூட்டியே ஏடிஎஃப் ஊற்றாமலும் மாட்டவிடாதே.

இதையெல்லாம் முடித்த பிறகு, எண்ணெய் சூடான நிலையில், நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரையும் நிற்கவிடாமல், கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் முழுக்கப் பிடித்து டியில் (டிரைவ்) முழுக்க மிதித்து ஒரு ஸ்டால் சோதனை செய், ஐந்து விநாடிக்கு மேல் வேண்டவே வேண்டாம். எண்ணை இங்கே எழுது.


பூஸ்ட்_பையன்:

அண்ணே மன்னிக்கவும். நான் வீடியோ மட்டும்தான் பார்த்தேன். ஆனால் ஒரு சந்தேகம், ஸ்டால் சோதனையில் எண் குறைவாக வந்தால் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்றும் சொல்கிறார்களே?


மெர்தாஜாம்_கியர்:

நல்ல கேள்வி தம்பி. ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் போய்விட்டால் எண் நன்றாக இறங்கிவிடும், கிளம்பும்போது காரில் உயிரே இருக்காது, வேகம் எடுத்த பிறகு ஒழுங்காக ஓடும். கிளம்பும்போது எஞ்சின் டார்க்கை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருவதே அந்த ஸ்டேட்டர்தான், அது பிடிக்காவிட்டால் பெருக்கல் இல்லை. எஞ்சின் பலவீனமாக இருந்தாலும் எண் இறங்கும், ஆனால் அவ்வளவு கீழே போகாது. எதிர்பார்த்ததைவிட எண் ஏறினால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். அதனால்தான் எண்ணை எழுதச் சொன்னேன்.


செந்தூல்_80:

அண்ணே, அக்கா, மூன்று வாரம் கழித்து வருகிறேன், கோபிக்கவேண்டாம். வேலைக்கு நடுவில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கேபிள். பானெட்டைத் திறந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. பெடலை விட்ட நிலையில் ஒரு வில் மாதிரி வளைந்து தொங்குகிறது. விரலால் இழுத்தால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் சும்மா வருகிறது. ஒரு வருடமாக இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். த்ராட்டில் பாடியின் பிராக்கெட்டில் துளை வேறு இடத்தில் இருந்திருக்கிறது, மாட்டியவர்கள் எட்டிய இடத்தில் மாட்டிவிட்டார்கள். பிராக்கெட்டை மாற்றிச் செய்து இப்போது 1 மில்லிக்குள் வைத்திருக்கிறேன், முழுத் திறப்பிலும் பார்த்தேன். அன்றைக்கே ஒன்று இரண்டு கியர் மாற்றம் டக்கென்று விழுந்தது. மனைவி பக்கத்தில் இருந்தாள், "என்ன உதைக்கிறது?" என்றாள். உதைக்கவில்லை, இதுதான் சரி என்றேன்.

பிரேக்கைத் தொடும் சோதனை டூத்தா ஹைவேயில் செய்தேன். நீங்கள் சொன்னது போலவே, பிரேக் விளக்கு எரிந்ததும் 250 சுற்று ஏறி நடுக்கம் நின்றது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும்.

எண்ணெய் கோப்பி ஓ இல்லை, ஆனால் சிராப்பும் இல்லை, தேத்தாரிக் (பால் டீ) நிறம் என்று சொல்லலாம். தட்டைக் கழற்றிப் பார்த்தோம், காந்தத்தில் நைஸான கறுப்பு மாவுதான், துண்டு துணுக்கு இல்லை. ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை வடித்து மாற்றினேன். தனிக் கூலர் போட்டாயிற்று, சென்சார் நீங்கள் சொன்ன குழாயில். கெந்திங் ஏறும்போது 104 காட்டியது, மேலே போய் நிற்பதற்குள் 88க்கு வந்தது. கூலர் போடுவதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

புது எண்ணெய்க்குப் பிறகு நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, முழுக்கப் போகவில்லை.

ஸ்டால் சோதனை: டியில் 1950, ஆரிலும் (ரிவர்ஸ்) 1950. ஐந்து விநாடிக்குள் விட்டேன்.

ஆக, இப்போது 3800 வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். எப்படியும் லாக்கப் லைனிங்குக்காக கன்வெர்ட்டரைத் திறக்கவேண்டும், திறப்பது திறக்கிறோம், கொஞ்சம் தளர்த்திக் கட்டிவிடலாமா? எத்தனை கேட்பது? கெந்திங் இறக்கத்தையும் யோசிக்கவேண்டும், மாமியார் வீடு பெந்தோங், மாதம் ஒரு தடவை அந்தப் பக்கம் போகிறோம்.


கிள்ளான்_ஸ்கைலைன்:

இறக்கத்தைப் பற்றி நானும் சொல்ல இருந்தேன். 3800 போட்டிருந்தபோது லாக்கப் இல்லாத கியரில் இறங்கினால் எஞ்சின் பிடிக்கவே இல்லை, கார் சும்மா உருண்டது, கீழே வருவதற்குள் பிரேக் வாடை வந்துவிட்டது. 2700இல் அப்படி இல்லை, ஆனால் ஒரிஜினல் அளவுக்கும் இல்லை. முன்பைவிடக் கொஞ்சம் முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

104 எல்லாம் ஒன்றும் இல்லை தம்பி, என்னுடையது எவ்வளவு போயிற்று என்று சொன்னால் அண்ணன் என்னை அடிப்பார்.


மெர்தாஜாம்_கியர்:

அடிக்கமாட்டேன் அக்கா, பில் போடுவேன்.

தம்பி, 1950 நான் நினைத்த இடம்தான். எஞ்சின் பலவீனம், ஸ்டேட்டர் நன்றாக இருக்கிறது. ஸ்டேட்டர் போயிருந்தால் இன்னும் கீழே போயிருக்கும். இரண்டு கியரிலும் ஒரே எண், வழுக்கலும் இல்லை. கியர்பாக்ஸ் தப்பித்தது, அந்த காந்தத்து மாவும் அதையே சொல்கிறது. அதிர்ஷ்டக்காரன்.

கடைக்காரரிடம் எண்ணைக் கேட்காதே. உன் டைனோ தாளை (எஞ்சின் சக்தியை மெஷினில் அளந்த தாள்) கொண்டுபோய்க் கொடு, 2000, 2500, 3000 ஒவ்வொன்றிலும் எவ்வளவு டார்க் என்பது அதில் இருக்கும். "இந்த எஞ்சினில், ரோட்டில், முழுக்க மிதித்தால் 2900, 3000 பக்கம் நிற்கவேண்டும், லாக்கப் இருக்கவேண்டும்" என்று சொல். அவர் அதை 2600 என்று கூப்பிடலாம், 2800 என்று கூப்பிடலாம், அது அவர் கணக்கு. முன்பு 3800 என்று சொன்ன அதே கடை இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் அங்கேயே கொடு, எண்ணை மாற்றிச் சொன்னதற்காகக் கோபிக்காதே. சொல்லாவிட்டால் எனக்கு எழுது.

லாக்கப்பை ஈசியூவே பார்த்துக்கொள்ளட்டும், சுவிட்ச் போட்டுக் கையால் பிடிக்கிறேன் என்று கிளம்பாதே, முழு பூஸ்டில் லாக்கப் பிடித்தால் அந்த ஒற்றைத் தட்டு தாங்காது. புது கன்வெர்ட்டர் வந்ததும் கூலர் குழாய்களை ஒரு தடவை கழுவச் சொல், பழைய லைனிங் தூள் அதில் உட்கார்ந்திருக்கும். முதல் 500 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டு, அப்புறம் எண்ணெயை ஒரு தடவை வடித்துப் பார்.

அப்புறம், வேறு ஒரு கன்வெர்ட்டரைக் கட்டச் சொல்லி உன்னுடையதைக் கழற்றிவை. உன்னுடையதையே வெட்டினால் ஏதாவது தப்பானால் திரும்பிப் போக வழி இருக்காது. ஹாஃப்கட் கடைகளில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் கடை) இன்னும் கிடைக்கிறது, பட்டர்வொர்த் பக்கம் எனக்குத் தெரிந்தவரிடம் ஒன்று கிடக்கிறது.


செந்தூல்_80:

சரிண்ணே. பட்டர்வொர்த் கன்வெர்ட்டரை எனக்கு எடுத்து வையுங்கள், அடுத்த சனிக்கிழமை வருகிறேன். மனைவியும் வருகிறாள், கார் சாவி அவளிடம்தான் இருக்கிறது, கேபிள் சரியான பிறகு அவளே ஓட்டுகிறாள்.

அந்தப் பம்ப் பல்லையும் எடுத்துவாருங்கள், பார்க்கவேண்டும்.